முழங்கால் வலியும் சுவர்ப் பயிற்சியும்: ஓர் ஆசிரியையின் அனுபவம்

மாடிப்படியில் ஏறும்போது பெரிதாகத் தெரியாத முழங்கால் வலி, இறங்கும்போது மட்டும் கூர்மையாகத் தெரிந்தால், அதற்கான காரணத்தை முழங்காலுக்குள் மட்டும் தேடக் கூடாது. அதற்கு மேலே இருக்கும் தொடையிலும் தேட வேண்டும். இறங்கும்போது உடலின் எடை முழுவதும் ஒரு கணம் ஒற்றைக் காலின் மேல் நிற்கிறது. அந்தக் காலின் முன்தொடைத் தசைகள், நீண்டுகொண்டே சுமையைத் தாங்கி, உடலை மெல்லக் கீழே இறக்கிவிட வேண்டும். அவற்றுக்கு வலு குறைந்திருந்தால் அடுத்த படியில் கால் தடாலென்று விழுகிறது. அந்த அதிர்வையும் அழுத்தத்தையும் முழங்கால் சில்லும் அதன் பின்புறத்துக் குருத்தெலும்பும் வாங்கிக்கொள்கின்றன. ஐம்பது வயதைக் கடந்த பிறகு, திருச்சியில் நான் பணிபுரியும் பள்ளியின் இரண்டாம் மாடியிலிருந்து இறங்கும் ஒவ்வொரு முறையும் இதை உணர்ந்தேன். கைப்பிடியைப் பற்றிக்கொண்டு, ஒவ்வொரு படியிலும் இரண்டு பாதங்களையும் சேர்த்து வைத்து இறங்கும் பழக்கம், எப்போது தொடங்கியது என்று தெரியாமலேயே என்னிடம் வந்து சேர்ந்திருந்தது.

எக்ஸ்ரே எடுத்துப் பார்த்த எலும்பு மருத்துவர், தேய்மானம் ஆரம்ப நிலையில்தான் இருக்கிறது என்றும், ஊசியோ அறுவைச் சிகிச்சையோ இப்போது தேவையில்லை என்றும், தொடைக்கு வலு ஏற்றுவதுதான் முதல் வேலை என்றும் சொல்லி, ஒரு பிசியோதெரபிஸ்டிடம் அனுப்பினார். அதுவரை நான் தைலத்தையும் முழங்கால் உறையையுமே நம்பியிருந்தேன். அவை தற்காலிக ஆறுதல் தருபவை. அதில் தவறொன்றும் இல்லை. ஆனால் தைலத்தால் தசைக்கு வலு ஏறாது.

பிசியோதெரபிஸ்ட் இளம் வயதுப் பெண். முதலில் அவர் என்னைக் கை இல்லாத ஒரு நாற்காலியில் உட்காரவைத்து, கைகளை மார்பின் குறுக்கே கட்டிக்கொள்ளச் சொல்லி, முப்பது வினாடிகளுக்குள் எத்தனை முறை முழுமையாக எழுந்து உட்கார முடிகிறது என்று எண்ணினார். முதியவர்களின் கால் வலுவை அளக்க உலகெங்கும் பயன்படும் எளிய சோதனை அது. அறுபது முதல் அறுபத்து நான்கு வயது வரையுள்ள பெண்களுக்கு 12 முறைக்குக் குறைந்தாலும், அதே வயது ஆண்களுக்கு 14 முறைக்குக் குறைந்தாலும் சராசரிக்குக் கீழ் என்று அந்தச் சோதனையின் அட்டவணை சொல்கிறது. அந்த வயதை இன்னும் எட்டாத நான் அந்த எண்ணிக்கையையும் எட்டவில்லை. என் கவலை முழங்காலிலிருந்து தொடைக்கு இடம் மாறியது அன்றைக்குத்தான். வீட்டில் சாப்பாட்டு மேசை நாற்காலியை வைத்து எவரும் இதைச் செய்து பார்க்கலாம். நாற்காலியைச் சுவரோடு ஒட்டிப் போட்டுக்கொண்டால் அது பின்னால் நகராது.

அதன்பின் அவர் கற்றுத் தந்ததுதான் சுவரில் முதுகைச் சாய்த்துக்கொண்டு, நாற்காலி இல்லாமலேயே நாற்காலியில் அமர்வதுபோல் அரைகுறையாகத் தாழ்ந்து நிற்கும் பயிற்சி. உடற்பயிற்சிக் கூடங்களில் இதை வால் ஸ்குவாட் என்றும் வால் சிட் என்றும் சொல்கிறார்கள். சுவரில் முதுகு வழுக்கிக்கொண்டு மேலும் கீழும் போய்வருவது ஒரு வகை. ஓர் உயரத்தில் அசையாமல் நிற்பது இன்னொரு வகை. எனக்கு முதலில் தரப்பட்டது அசையாமல் நிற்கும் வகை. மூட்டு அசையும்போது வலிப்பவர்களுக்கு, மூட்டை அசைக்காமலேயே தசைக்கு வேலை தர இது வழிசெய்கிறது. நின்றுகொண்டிருக்கும் நேரம் முழுவதும் குவாட்ரிசெப்ஸ் எனப்படும் முன்தொடையின் நான்கு தசைகளும் நீளம் மாறாமல் இறுகியே இருக்கின்றன. அவற்றோடு பிட்டத் தசைகளும், பின்தொடையும், கெண்டைக்காலும் தத்தம் பங்கைச் செய்கின்றன.

செய்முறையை அவர் சொல்லித் தந்த வரிசையிலேயே எழுதுகிறேன். பாதங்களைச் சுவரிலிருந்து ஏறத்தாழ ஒன்றரை அடி முதல் இரண்டு அடி தள்ளி, இடுப்பின் அகலத்துக்கு விலக்கி வைக்க வேண்டும்; கால் விரல்கள் நேர் முன்னால் பார்க்கலாம், அல்லது இயல்பாக விரிகிற அளவுக்குச் சற்றே வெளிப்பக்கம் திரும்பியிருக்கலாம். பிட்டம், மேல்முதுகு, தலையின் பின்புறம் ஆகியவை சுவரைத் தொட்டிருக்க, முதுகைச் சுவரில் உரசியபடியே மெல்ல இறங்க வேண்டும். இடுப்புக்குச் சற்று மேலே, கீழ்முதுகுக்கும் சுவருக்கும் இடையே இயல்பாக ஒரு சிறு இடைவெளி இருக்கும்; அதை வலிந்து அழுத்தி மூட வேண்டியதில்லை. இறங்கி நின்ற நிலையில் முழங்காலிலிருந்து கணுக்கால் வரையுள்ள பகுதி செங்குத்தாக இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். முழங்கால்கள் கால் விரல்களைத் தாண்டி முன்னே நீண்டிருந்தால், பாதங்கள் சுவருக்கு மிக அருகில் இருக்கின்றன என்று பொருள்; எழுந்து நின்று, பாதங்களை இன்னும் சற்றுத் தள்ளி வைத்துக்கொண்டு மீண்டும் தொடங்க வேண்டும். தாழ்ந்த நிலையிலேயே பாதத்தை நகர்த்திச் சரிசெய்யக் கூடாது.

அடுத்தது முழங்கால்களின் திசை. இரண்டு முழங்கால்களும் அந்தந்தப் பாதத்தின் இரண்டாம் விரலுக்கு நேராக நிற்க வேண்டும். களைப்பு ஏற ஏற அவை ஒன்றையொன்று நோக்கி உள்ளே சாயப் பார்க்கும்; எனக்கு இடது முழங்கால் அப்படிச் சாயும். இடுப்பின் பக்கவாட்டுத் தசைகள் தளர்வதன் அடையாளம் அது என்றும், சாயத் தொடங்கும் கணத்திலேயே அந்தச் சுற்றை முடித்துவிட வேண்டும் என்றும் அவர் சொல்லியிருந்தார். எதிரே ஒரு நிலைக்கண்ணாடி இருந்தால் இதைக் கவனிப்பது எளிது. எடை பாதத்தின் நடுவிலும் குதிகாலிலும் இறங்க வேண்டுமே தவிர, விரல் நுனியில் அன்று. கைகளைத் தொடையின் மேல் ஊன்றிக்கொள்ளாமல், பக்கவாட்டில் தொங்கவிடலாம், அல்லது உள்ளங்கைகளைச் சுவரில் பதித்துக்கொள்ளலாம்.

எழுவதுதான் பலரும் கவனிக்காத பகுதி. தொடைகள் முற்றிலும் தளர்ந்த பிறகு எழ முயன்றால், உடல் எழாமல் கீழே சரிந்துவிடும். எழுவதற்கு வேண்டிய வலுவை மிச்சம் வைத்துக்கொண்டே நிறுத்த வேண்டும்; குதிகால்களைத் தரையில் அழுத்தி, முதுகைச் சுவரில் உரசியபடியே மேலே வர வேண்டும். தொடக்க வாரங்களில் எனக்கு வலப்பக்கம் கைக்கு எட்டும் தூரத்தில் ஒரு கனமான நாற்காலியும், எனக்குக் கீழே ஓர் உயரம் குறைந்த முக்காலியும் இருந்தன. முக்காலியில் உட்கார நேர்ந்ததே இல்லை; ஆனால் அது அங்கே இருக்கிறது என்ற தைரியம், பயமின்றிச் சுவரில் சாய்ந்து நிற்க உதவியது. இப்போதும் இந்தப் பயிற்சியைத் தொடங்க விரும்பும் எவரிடமும் முக்காலியைப் பற்றித்தான் முதலில் சொல்கிறேன்.

எவ்வளவு தூரம் இறங்குவது என்பதுதான் இந்தப் பயிற்சியின் உயிர்நாடி. படங்களில் தொடை தரைக்கு இணையாக, முழங்கால் 90 டிகிரியில் மடங்கியிருக்கும் நிலையையே காட்டுகிறார்கள். அதைப் பார்த்துவிட்டு வீட்டில் செய்து, முழங்கால் வீங்கி, பயிற்சியே தனக்கு ஒத்துக்கொள்ளவில்லை என்று விட்டுவிட்ட இரண்டு பேரை எனக்குத் தெரியும். பிசியோதெரபிஸ்ட் என்னிடம் முதல் நாளே தெளிவாகச் சொன்னார்: "டீச்சர், கீழே எவ்வளவு இறங்குறீங்கங்கிறது முக்கியமே இல்லை. எந்த உயரத்துல உங்க முட்டி வலிக்காம நிக்குதோ, அங்கே நில்லுங்க. தொடை எரியலாம், முட்டி வலிக்கக் கூடாது."

கணிதம் கற்பிப்பவள் என்பதால் இதன் கணக்கைப் போட்டுப் பார்த்தேன். தொடையின் நீளம் 40 சென்டிமீட்டர் என்றும், கணுக்கால் முதல் முழங்கால் வரை செங்குத்தாக இருக்கிறது என்றும் வைத்துக்கொள்வோம். நேராக நிற்கும் நிலையிலிருந்து இடுப்பு 5 சென்டிமீட்டருக்குச் சற்று அதிகமாக இறங்கினாலே தொடை 30 டிகிரி சாய்ந்துவிடுகிறது. அப்போது முழங்காலுக்கும் இடுப்புக்கும் இடையிலான கிடைமட்டத் தூரம் 20 சென்டிமீட்டர். இன்னும் இறங்கி, நின்ற நிலையிலிருந்து 12 சென்டிமீட்டர் அளவுக்குத் தாழ்ந்தால் அந்தத் தூரம் 28 சென்டிமீட்டருக்குச் சற்று அதிகமாகிறது. தொடை தரைக்கு இணையாகும்வரை 40 சென்டிமீட்டரும் இறங்கினால் 40. முன்தொடைத் தசை தாங்க வேண்டிய சுமை இந்தக் கிடைமட்டத் தூரத்தைப் பெரிதும் சார்ந்திருக்கிறது. தண்ணீர்க் குடத்தை இடுப்பில் அணைத்துத் தூக்குவதற்கும் கையை நீட்டிப் பிடித்துத் தூக்குவதற்கும் உள்ள வேறுபாடுதான் இது. ஆக, மூன்று நான்கு விரற்கிடை இறங்கி நிற்பவருக்கே அந்தத் தூரத்தில் பாதி கிடைத்துவிடுகிறது. கொஞ்சம்தானே இறங்குகிறோம், இதனால் என்ன பயன் என்று எவரும் மனம் தளர வேண்டாம் என்பதற்காகவே இவ்வளவு விரிவாக எழுதுகிறேன். மறுபக்கம், மடக்கம் ஆழமாக ஆழமாக முழங்கால் சில்லுக்கும் தொடையெலும்புக்கும் இடையிலான அழுத்தமும் ஏறுகிறது. தேய்மானம் உள்ளவர்களுக்கு மேல்நிலையே ஏற்றது என்று சொல்லப்படுவது அதனால்தான்.

உயரத்தைக் கண்ணால் மதிப்பிடுவதைவிடச் சுவரில் குறித்துக்கொள்வது நல்லது. நான் முதுகு சாய்க்கும் இடத்துக்குப் பக்கத்தில் பென்சிலால் ஒரு கோடு போட்டு, தோளின் உயரம் அந்தக் கோட்டுக்கு வரும்வரை இறங்கினேன். அந்த உயரத்தில் பத்துப் பதினைந்து வினாடிகள் நின்று, ஒரு நிமிடம் ஓய்வெடுத்து, அப்படி ஐந்து சுற்றுகள். ஒருநாள் விட்டு ஒருநாள். வினாடிகளை முதலில் கூட்டுவது, அதன்பின் உயரத்தைக் குறைப்பது, இரண்டையும் ஒரே வாரத்தில் மாற்றாமலிருப்பது என்ற ஒழுங்கை அவர் வகுத்துத் தந்தார். முக்கால் நிமிடம் நிற்பது எளிதானபோது பழைய கோட்டுக்கு இரண்டு விரற்கிடை கீழே புதிய கோடு போட்டோம். புதிய கோட்டில் மீண்டும் பத்துப் பதினைந்து வினாடிகளிலிருந்தே தொடங்கினோம். பொறுமையைச் சோதிக்கும் முறைதான். ஆனால் முழங்கால் ஒருமுறைகூட வீங்காமல் கடந்து வந்ததற்கு இந்த ஒழுங்கே காரணம் என்று உறுதியாக நம்புகிறேன்.

சுவரும் தரையும் உடையும்கூடப் பயிற்சியின் பகுதிகள்தாம். எங்கள் வீட்டுக் கூடத்தில் பளபளப்பான வெர்ட்டிஃபைட் டைல்ஸ். அதில் காலுறையோடு நின்றால் பாதம் முன்னோக்கி வழுக்கும். சுவரில் சாயும்போது முதுகு சுவரைப் பின்னே தள்ளுகிறது. அதற்கு ஈடாகப் பாதம் தரையை முன்னே தள்ளுகிறது. தரை பிடிப்புத் தராவிட்டால் விழ வேண்டியதுதான். வெறுங்காலோடு ரப்பர் விரிப்பின் மேல் நிற்பதும், அந்த விரிப்பே நகராமல் இருக்கிறதா என்று முதலில் காலால் அழுத்திப் பார்ப்பதும் அவசியம். சொரசொரப்பான சிமெண்ட் தளமோ பழைய செங்கல் தளமோ உள்ள வீடுகளில் இந்தத் தொல்லை இல்லை. சுண்ணாம்பு அடித்த சுவரில் முதுகெல்லாம் வெள்ளை ஒட்டும் என்பதோடு, உரசல் அதிகமாகி இறங்குவதும் கடினம். எமல்ஷன் பூசிய சுவரோ, பூட்டிய கதவோ இதற்கு நன்றாக உதவும். பூட்டாத கதவில் சாயவே கூடாது. சேலையில் இதைச் செய்ய முடியாதென்றில்லை. ஆனால் முழங்கால் எந்தத் திசையில் நிற்கிறது என்று தெரியாது, கொசுவம் பாதத்தடியில் மாட்டும். பருத்திச் சுடிதார் எனக்கு வசதியாக இருந்தது.

மூச்சைப் பற்றித் தனியே சொல்ல வேண்டும். அசையாமல் ஒரு சுமையைத் தாங்கும்போது நம்மை அறியாமலேயே மூச்சை அடக்கிவிடுகிறோம். இறுகிய பெருந்தசைகள் தம்முள் ஓடும் இரத்தக் குழாய்களை அழுத்துவதால், பயிற்சியின்போது இரத்த அழுத்தம் ஏற்கெனவே உயர்ந்திருக்கும். மூச்சையும் அடக்கினால் அது இன்னும் வேகமாக ஏறும், தலைசுற்றலும் வரலாம். இதற்கு எளிய வழி, வினாடிகளை வாய்விட்டு எண்ணுவது. எண்ணிக்கொண்டிருப்பவரால் மூச்சை அடக்க முடியாது. நான் வினாடிகளுக்குப் பதிலாகத் திருக்குறளைச் சொல்லிப் பழகினேன். நிதானமாக ஒரு குறளைச் சொல்லி முடிக்க ஏறத்தாழ எட்டு வினாடிகள் ஆகின்றன. ஓர் அதிகாரத்தின் பாதியைத் தடுமாறாமல் சொல்ல முடிந்த நாளில், கடிகாரத்தைப் பார்க்கும் தேவை எனக்கு இல்லாமற்போனது.

சில வினாடிகளிலேயே தொடையில் சூடு ஏறும், பிறகு எரியும், அதன்பின் நடுங்கும். நடுக்கம் பலரையும் பயமுறுத்துகிறது. தசை நார்கள் களைத்து, அவற்றை மாற்றி மாற்றி இயக்க நரம்பு மண்டலம் முயல்வதன் வெளிப்பாடே அது. நடுங்கத் தொடங்கியபின் ஐந்தாறு வினாடிகள் நின்று நிறுத்தினால் போதுமானது. மறுநாளும் அதற்கு மறுநாளும் முன்தொடை கனத்துப்போய், உட்காரும்போது பிடித்துக்கொள்வது புதிதாகப் பயிற்சி தொடங்கிய எல்லாருக்கும் நேர்வது. இரண்டு மூன்று நாளில் தானே அடங்கிவிடும். முழங்கால் சில்லைச் சுற்றியோ மூட்டின் உள்பக்கத்திலோ ஓரிடத்தில் குத்தும் வலி வேறு. அது வந்தால் அந்தச் சுற்றையே கைவிட்டு உயரத்தைக் கூட்ட வேண்டும். பத்துக்கு மூன்று என்ற அளவைத் தாண்டாத லேசான அசௌகரியம், மறுநாள் காலைக்குள் பழைய நிலைக்குத் திரும்பிவிட்டால், அதைப் பொறுத்துக்கொள்ளலாம் என்பது எனக்குச் சொல்லப்பட்ட அளவுகோல். இதை வைத்துத்தான் இன்றும் முடிவெடுக்கிறேன்.

நான் செய்வதைத் தினமும் பார்த்துக்கொண்டிருந்த என் மாமியார் ஒருநாள் கேட்டார்: "ஏம்மா, நானும் செய்யலாமா? விழுந்துட மாட்டேனே?" எண்பதை நெருங்குபவர், நாற்காலியின் கைகளை ஊன்றாமல் அவரால் எழ முடியாது. அவருடைய மருத்துவரிடம் கேட்டபின் தொடங்கினோம். "நான் பக்கத்துலயே நிக்கிறேன் அத்தை, நீங்க நாற்காலியைப் பிடிச்சுக்கங்க" என்று சொல்லி, முதுகு மூன்று விரற்கிடை மட்டுமே இறங்கும்படி நிறுத்தினேன். ஐந்து வினாடிகள். அவருக்கு அதுவே முழுப் பயிற்சி. வயது ஏற ஏறத் தசை கரைவது உடலின் இயல்பு. முப்பது வயதுக்குப் பிறகே அந்தக் குறைவு மெல்லத் தொடங்குகிறது, அறுபதுக்குப் பிறகு வேகமெடுக்கிறது. ஆனாலும் எந்த வயதிலும் தசை பயிற்சிக்கு இணங்குகிறது என்பதை அவரிடம் கண்ணாரக் கண்டேன். சில மாதங்களில், ஒரு கையை மட்டும் ஊன்றி எழத் தொடங்கினார். கழிப்பறையிலிருந்து எழுவதற்குத் துணைக்கு ஆள் கூப்பிடுவது நின்றது. முதியவர்களின் தன்மானம் இப்படிப்பட்ட சிறு செயல்களில்தான் இருக்கிறது. வலு என்ற சொல்லை நாம் இளைஞர்களோடு மட்டும் சேர்த்துப் பேசுவது எனக்கு உண்மையிலேயே வருத்தம் தருகிறது.

என் கணவருக்கு ஆர்வம் வந்தது வேறொரு காரணத்தால். அவர் இரத்த அழுத்தத்துக்கு மாத்திரை சாப்பிடுபவர். 2023-ஆம் ஆண்டு பிரிட்டிஷ் ஜர்னல் ஆஃப் ஸ்போர்ட்ஸ் மெடிசின் இதழில் வெளியான ஒரு தொகுப்பாய்வு, 15,827 பேர் பங்கேற்ற 270 சோதனைகளை ஒன்றுசேர்த்து, எந்த வகை உடற்பயிற்சி ஓய்வு நிலை இரத்த அழுத்தத்தை அதிகம் குறைக்கிறது என்று ஒப்பிட்டது. நடை, ஓட்டம் போன்ற பயிற்சிகளில் மேல் அளவு சராசரியாக 4.49 புள்ளிகளும், எடை தூக்கும் பயிற்சிகளில் 4.55 புள்ளிகளும் குறைந்திருக்க, அசையாமல் தசையை இறுக்கும் பயிற்சிகளில் 8.24 புள்ளிகள் குறைந்திருந்தன. தனித்தனிப் பயிற்சிகளுள் மேல் அளவைக் குறைப்பதில் சுவர்ப் பயிற்சியே முதலிடம் பெற்றது. இந்த ஆய்வுகளில் வழக்கமாகப் பின்பற்றப்படும் முறை, இரண்டு நிமிடங்கள் வீதம் நான்கு சுற்றுகள், இடையிடையே ஒன்று முதல் நான்கு நிமிடங்கள் ஓய்வு, வாரத்தில் மூன்று நாள். இரண்டு நிமிடங்கள் என்றதும் மலைக்க வேண்டாம். அந்த ஆய்வாளர்களும் எல்லாரையும் 90 டிகிரிக்கு இறக்கவில்லை. முழங்கால் 135 டிகிரியாக இருக்கும் (நேராக நீட்டிய கால் 180 டிகிரி) உயர்ந்த நிலையில் தொடங்கி, படிப்படியாக இறக்கிப் பார்த்து, அவரவருக்கு ஏற்ற கோணத்தைக் கண்டறிந்த பிறகே பயிற்சி தந்தார்கள். ஆளுக்கேற்ற உயரம் என்று எனக்குச் சொல்லப்பட்டதும் இதுவேதான்.

இந்தச் செய்தியைப் படித்ததும் மாத்திரையை நிறுத்திவிடலாம் என்று எண்ணுபவர்கள் இருக்கிறார்கள். அது ஆபத்து. நீண்டகாலப் பலனாக அழுத்தம் குறைகிறதே தவிர, நின்றுகொண்டிருக்கும் அந்தச் சில நிமிடங்களில் அது உயரத்தான் செய்கிறது. ஆகவே, அழுத்தம் கட்டுக்குள் வராதவர்களும் இதய நோய் உள்ளவர்களும் மருத்துவரைக் கேட்காமல் தொடங்கக் கூடாது. பயிற்சி முடிந்த கையோடு கருவியை மாட்டி அளந்து பார்த்துப் பதற வேண்டியதும் இல்லை. ஓய்வாக உட்கார்ந்து ஐந்து நிமிடங்களாவது கழிந்த பிறகே அளக்க வேண்டும். என் கணவர் மாத்திரையையும் பயிற்சியையும் சேர்த்தே தொடர்கிறார். அளவை மாற்றுவது பற்றிய முடிவை மருத்துவரிடம் விட்டிருக்கிறார்.

சுவர்ப் பயிற்சிக்கும் எல்லை உண்டு. அசையாமல் செய்யும் பயிற்சியில் கிடைக்கும் வலு, பயிற்சி செய்த கோணத்திலும் அதை ஒட்டிய கோணங்களிலுமே அதிகமாகத் தெரியும். ஒரே கோட்டில் மாதக்கணக்கில் நின்றவருக்கு அந்தக் கோட்டில் மட்டும் வலு கூடும். தாழ்வான சோபாவிலிருந்து எழும்போது பழைய தடுமாற்றமே இருக்கும். அதனால்தான், வலி அடங்கிய பிறகு, ஒரே நாளில் இரண்டு மூன்று உயரங்களில் நிற்கவும், பிறகு முதுகை உரசியபடி மெல்ல இறங்கி ஏறவும் எனக்குக் கற்றுத் தந்தார்கள். கிளினிக்கில் முதுகுக்கும் சுவருக்கும் இடையே பெரிய காற்றுப் பந்து ஒன்றை வைத்துச் செய்யவைத்தார்கள். பந்து உருள்வதால் முதுகு உரசாமல் இறங்கலாம். வீட்டில் பந்து இல்லாவிட்டாலும் நட்டமில்லை.

அதோடு, சுவர் நமக்காகச் சமநிலையைப் பார்த்துக்கொள்கிறது. படியில் இறங்கும்போது சாய்ந்துகொள்ளச் சுவர் இல்லை. எனவே தொடையில் ஓரளவு வலு ஏறியதும் நாற்காலியிலிருந்து கையூன்றாமல் எழுந்து உட்காரும் பயிற்சியையும், குதிகாலைத் தூக்கி நிற்கும் பயிற்சியையும், அதன்பின் வாசற்படியில் ஒரு காலில் நின்று மற்றக் காலை மெல்லக் கீழே இறக்கும் பயிற்சியையும் சேர்த்துக்கொள்ள வேண்டியிருந்தது. இறங்கும்போது வரும் வலிக்கு நேரடியான மருந்து கடைசியில் சொன்னதுதான் என்பது என் துணிபு. ஆனால் அதை முதல் நாளே செய்திருந்தால் என் முழங்கால் தாங்கியிருக்காது. அதற்குத் தகுதியான தொடையைச் சுவர்ப் பயிற்சிதான் எனக்குத் தந்தது.

என் பாட்டி தலைமுறையில் எவருக்கும் இப்படிச் சுவரில் சாய்ந்து நிற்க வேண்டிய தேவை இருக்கவில்லை. தரையில் சம்மணமிட்டுச் சாப்பிட்டு எழுவது, குந்தி உட்கார்ந்து கோலம் போடுவது, அம்மியில் அரைப்பது, பிள்ளையார் முன் தோப்புக்கரணம் போடுவது என்று, தொடையும் இடுப்பும் முழு அளவில் மடங்கி விரியும் வாய்ப்பு ஒரு நாளில் பலமுறை வந்தது. இன்று மேசையும் சோபாவும் உயரக் கழிப்பறையும் வந்தபின், பகல் முழுவதும் முழங்கால் ஒரு நாற்காலி உயரத்துக்குக் கீழே மடங்குவதே இல்லை. பழைய வாழ்க்கைக்குத் திரும்பிப் போக வேண்டும் என்று நான் சொல்லவில்லை; மூட்டு தேய்ந்த முதியவர்களுக்கு உயரக் கழிப்பறை பெரும் உதவி. ஆனால் அன்றாட வேலையிலிருந்து போய்விட்ட உழைப்பை வேறெங்காவது ஓரிடத்தில் திரும்பச் சேர்த்துக்கொள்ள வேண்டும். பெரியவர்கள் அனைவரும் வாரத்துக்கு இரண்டு நாளாவது பெருந்தசைகளுக்கு வலுவூட்டும் பயிற்சிகளைச் செய்ய வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2020-இல் வெளியிட்ட வழிகாட்டுதல் கூறுகிறது. நம்மில் நடைப்பயிற்சி செய்பவர்கள் பெருகியிருக்கிறார்கள், மகிழ்ச்சி. ஆனால் நடை மட்டுமே தொடைக்குப் போதாது என்பது இன்னும் பரவலாகச் சென்று சேரவில்லை.

பலன் தெரிந்த விதத்தையும் சொல்ல வேண்டும். முதல் சில வாரங்களில் வலியில் பெரிய மாற்றம் இல்லை. நிற்கும் வினாடிகள் மட்டும் கூடின. இரண்டாம் மாதத்தில், பள்ளியில் படியிறங்கும்போது கைப்பிடியைத் தொட்டுக்கொண்டு மட்டும் வருகிறேன், பற்றிக்கொள்ளவில்லை என்பதை உடன் பணிபுரியும் ஆசிரியை ஒருவர்தான் கவனித்துச் சொன்னார். அடுத்த மழைக்காலம் முடிந்தபின் மலைக்கோட்டை உச்சிப்பிள்ளையார் கோயிலுக்குப் போனேன். நானூறுக்கும் மேற்பட்ட படிகள். பாறையைக் குடைந்து அமைத்தவை ஆதலால் உயரம் ஒரே சீராக இருக்காது. ஏறும்போது இரண்டிடங்களில் உட்கார்ந்தேன். இறங்கும்போது ஒரு காலுக்கு ஒரு படி என்று மாறி மாறி வைத்தே இறங்க முடிந்தது. தேய்ந்த குருத்தெலும்பு திரும்ப வளர்ந்துவிடவில்லை, மழைநாளில் முழங்கால் இப்போதும் கனக்கிறது; ஆனால் அதைச் சுற்றியுள்ள தசை தன் பங்கைச் செய்கிறது.

முழங்காலிலோ இடுப்பிலோ அண்மையில் அறுவைச் சிகிச்சை செய்துகொண்டவர்கள், மூட்டு வீங்கிச் சூடாக இருப்பவர்கள், திடீரென்று முழங்கால் பூட்டிக்கொள்பவர்கள் அல்லது நழுவுவதாக உணர்பவர்கள், தாமாக இதைத் தொடங்க வேண்டாம். நீண்டகாலச் சர்க்கரை நோயால் பாதத்தில் உணர்ச்சி குறைந்தவர்கள், பாதம் வழுக்குவதைத் தாமதமாகவே அறிவார்கள். அவர்கள் தனியாக இருக்கும் நேரத்தில் செய்யாமலிருப்பது நல்லது, செய்தபின் உள்ளங்காலையும் ஒருமுறை பார்த்துக்கொள்ள வேண்டும். கருவுற்ற பெண்கள் தங்கள் மகப்பேறு மருத்துவரிடம் கேட்டே முடிவுசெய்ய வேண்டும்.

இப்போது திங்கள், புதன், வெள்ளி மாலைகளில் பள்ளியிலிருந்து வந்து, கைகால் கழுவி, தேநீர் வைப்பதற்கு முன் கூடத்தில் ஐந்து நிமிடங்கள் நடந்து உடலைச் சூடேற்றிக்கொண்டு, இரண்டு உயரங்களில் இரண்டிரண்டு சுற்றுகள் சுவர்ப் பயிற்சியும், அதன்பின் வாசற்படிப் பயிற்சியும் செய்கிறேன். செவ்வாயும் சனியும் நடை. அத்தைக்கு மட்டும் காலை நேரம்தான் ஏற்றது. மாலையில் அவருக்குக் களைப்பு அதிகம்.